இலகு எஃகு படிக்கிறீர்களா? அலுமினியத்தில் தொடங்குங்கள்

வாகனங்களுக்கான இலகு எஃகுப் பாடத்தை முதல் தடவை நான் படித்த விதமே தவறு. ட்ரிப் (இழுக்கும்போது படிக அமைப்பு மாறும் எஃகு), ட்விப் (இழுக்கும்போது இரட்டைப் படிகங்கள் உருவாகும் எஃகு), டூப்ளெக்ஸ் (இரண்டு படிக அமைப்புகள் கலந்த எஃகு) என்று பெயர்களையும் அவற்றின் வலிமை, நீட்சி எண்களையும் மனப்பாடம் செய்தேன். வாய்மொழித் தேர்வில் இரண்டு நுண்ணோக்கிப் படங்களை நீட்டி, "கலவை ஒன்றுதான். ஒன்று நன்றாக நீண்டது, இன்னொன்று பட்டென்று உடைந்தது. ஏன்?" என்று கேட்டார்கள். ஒரு வார்த்தை வரவில்லை.

அப்புறம் அலுமினியத்தில் தொடங்கித் திரும்பப் படித்தேன். எடையளவில் 1% அலுமினியம் சேர்த்தால் எஃகின் அடர்த்தி ஏறத்தாழ 1.3% குறையும். அதன் அணு லேசானது. படிக அணிக்கோவையையும், அதாவது அணுக்களின் ஒழுங்கான அடுக்கையும், சற்று விரிக்கிறது. ஃபெரைட், ஆஸ்டெனைட் என்பவை இரும்பின் இரண்டு படிக அமைப்புகள். அலுமினியம் ஃபெரைட்டின் பக்கம் இழுக்கும். ஆஸ்டெனைட்டைத் தக்கவைக்கத்தான் மாங்கனீஸும் கார்பனும். சரி, மூன்றும் கூடினால் என்ன பிறக்கும்? கப்பா கார்பைடு, அதாவது இரும்பும் மாங்கனீஸும் அலுமினியமும் கார்பனும் சேர்ந்த ஒரு சேர்மம். பாடத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது.

சுமார் 1000 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கித் தண்ணீரில் குளிர்வித்து, பிறகு 500-600 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால், கப்பா நானோ அளவில் கிரெயினுக்குள்ளேயே (உலோகத்தின் ஒவ்வொரு படிகத் துணுக்குக்குள்ளேயே) பரவும். ஆஸ்டெனைட்டின் அணிக்கோவையோடு அது ஒட்டி நிற்பதால் வலிமை கூடும், நீட்சியும் ஓரளவு மிஞ்சும். நேரம் அதிகமானாலோ, மெதுவாகக் குளிர்ந்தாலோ அதே கப்பா கிரெயின் எல்லைகளில் தடித்துப் படியும். விரிசலுக்கு அதுவே பாதை. எனக்குக் காட்டிய இரண்டாவது படத்தில் எல்லைக்கோடுகள் மை தடவியதுபோல் கறுத்துத் தடித்திருந்தன. பதில் கண்ணெதிரிலேயே இருந்திருக்கிறது.

முதல் படம் சுத்தமாகத் தெரிந்தது என்பதற்காக அதில் கப்பா இல்லை என்று எழுதிவிடாதீர்கள். நானோ துகள் ஒளி நுண்ணோக்கியில் தெரியாது, ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

ட்ரிப், ட்விப் பெயர்களை அடுக்குப் பிழை ஆற்றலோடு (அணு அடுக்குகளின் வரிசை பிசகத் தேவைப்படும் ஆற்றல்) சேர்த்துப் படித்தால் போதும். அலுமினியம் அந்த ஆற்றலைக் கூட்டும். அதனால் அலுமினியம் மிகுந்த எஃகில் இரட்டையாதல் (இரட்டைப் படிகம் உருவாவது) பின்வாங்கி, ஒரே தளத்தில் நழுவும் இடப்பெயர்வுகளே (படிகத்திலுள்ள கோட்டுக் குறைகள்) வடிவ மாற்றத்தைச் சுமக்கும்.

பலரும் கோட்டைவிடும் ஒரு கேள்வி, விறைப்பு. அலுமினியம் கூடக்கூட விறைப்பின் அளவான யங் குணகமும் குறையும், 1% அலுமினியத்துக்குச் சுமார் 2%. எனவே வலிமை இருக்கிறதே என்று தகட்டை மெலிதாக்கினால் பாகம் வளைந்துகொடுக்கும். வாகனப் பயன்பாடு பற்றிய விடையில் இதையும் கட்டாயம் எழுதுங்கள்.