காவலுக்குப் பெரிய நாய் எதற்கு?

தனியாக வசிப்பவர்கள், இரவுப் பணி முடித்து வீடு திரும்புபவர்கள், ஒதுக்குப்புறத்தில் குடியிருப்பவர்கள் எனப் பலரும் நாய் வாங்குவது பற்றி என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். காவலுக்கு என்று சொன்னவுடன் அவர்கள் மனத்தில் எழும் உருவம் பெரும்பாலும் ஒன்றுதான்: அகன்ற மார்பும் கனத்த தலையும் கொண்ட, பக்கத்தில் நின்றால் இடுப்பை எட்டுகிற நாய். காரணம் கேட்டால், அது கடித்தால் எதிராளி எழுந்திருக்க மாட்டான் என்பார்கள். சற்று நேரம் பேசினால், தங்கள் நாய் ஒரு மனிதனைக் கடித்துக் குதறும் காட்சியைக் காண அவர்களில் எவருக்கும் விருப்பமில்லை என்பது தெரிந்துவிடும். அப்படியொரு நிலை வராமலேயே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர்கள் பெரிய உருவத்தைத் தேடுகிறார்கள். அந்தத் தேர்வில் நியாயம் இருக்கிறது என்றே நானும் கருதுகிறேன்.

திருட வருபவன் சண்டைக்கு வருவதில்லை. யார் கண்ணிலும் படாமல் நுழைந்து, யார் காதிலும் விழாமல் வெளியேறுவதே அவன் நோக்கம். நாய் இருக்கும் வீட்டில் அந்த இரண்டும் நடப்பது கடினம். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை உணரும் என்றால், நாயின் செவி 45,000 ஹெர்ட்ஸ் வரை உணரக்கூடியது. மோப்பத்திலோ நாம் அதன் அருகில்கூட நிற்க முடியாது. ஆனால் இந்தத் திறன்கள் எல்லா நாய்களுக்கும் பொதுவானவை. மடியில் அடங்கும் சின்ன நாயும் வாசலில் காலடி விழுந்தவுடன் குரைக்கும். பல நேரங்களில் பெரிய நாயைவிட முந்திக்கொண்டும், ஓயாமலும் குரைக்கும். எனவே, ஆள் வருவது தெரிந்தால் போதும் என்பவருக்குப் பெரிய நாய் தேவையே இல்லை. இதை நான் சொல்லும்போது பலர் முகத்தில் ஏமாற்றத்தைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய நாய் கூடுதலாகத் தருவது அச்சம். உடல் பெரிதாக இருந்தால் தொண்டையும் வாயும் சேர்ந்த ஒலிப்பாதை நீண்டிருக்கும். அதனால் குரல் தாழ்ந்தும் கனத்தும் ஒலிக்கும். மூடிய கதவுக்கு வெளியே நிற்பவன் நாயைப் பார்க்காமலேயே, உறுமலை மட்டும் கேட்டு அதன் அளவை ஓரளவு ஊகித்துவிடுவான். அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவன் முடிவெடுக்க அந்த ஊகமே போதும். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்துபோன பொம்பெய் நகரில் ஒரு வீட்டு வாசல் தரையில், சங்கிலியில் கட்டப்பட்டுப் பல்லைக் காட்டி நிற்கும் கரிய நாயின் உருவம் சிறு கற்களால் பதிக்கப்பட்டு, அதன் கீழே நாய் குறித்த எச்சரிக்கையும் லத்தீனில் எழுதப்பட்டிருக்கிறது. நாயின் உருவமே பாதிக் காவலைச் செய்துவிடும் என்பதை அந்த வீட்டுக்காரர் அறிந்திருக்கிறார்.

தெருவில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். அதிகாலையில் தனியாக ஓடப் போகும் ஒரு பெண்ணுடன் ராட்வீலர் ஒன்று வந்தால், எதிரே வருபவர்கள் தாமாகவே விலகி வழி விடுகிறார்கள். பேச்சுக் கொடுக்க நினைப்பவனும் தயங்குகிறான். அந்த நாய் உறுமக்கூட வேண்டியதில்லை. கரிய நிறம், நிமிர்ந்த காதுகள், அசையாமல் உற்று நோக்கும் பார்வை ஆகியவை இந்த விளைவைப் பெருக்குகின்றன. கரிய லாப்ரடார் ஒன்றும் அறிமுகமில்லாதவர்களிடம் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்துவிடும். அது நெருங்கி வந்தவனின் கையை நக்கும் சுபாவமுடையது என்பது அவனுக்குத் தெரியாதவரை சிக்கலில்லை. நாயைக் கையில் பிடித்திருப்பவரிடமும் ஒரு மாற்றம் நிகழ்கிறது: துணை இருக்கும் தெம்பில் அவர் தலை நிமிர்ந்து, சுற்றும் பார்த்து, அவசரமின்றி நடக்கிறார். அந்த நடையைக் கண்டே விலகிப்போகிறவர்களும் உண்டு.

உடல் எடையையே கருவியாகக் கொண்ட இனங்களும் உண்டு. இங்கிலாந்தின் பெரும் பண்ணைகளில் இரவில் திருட்டு வேட்டைக்கு வருபவர்களைப் பிடிப்பதற்காக, மாஸ்டிஃப் 60 விழுக்காடும் புல்டாக் 40 விழுக்காடுமாகக் கலந்து புல்மாஸ்டிஃப் உருவாக்கப்பட்டது. 1924இல் அது தனி இனமாக அங்கீகாரம் பெற்றது. ஆண் நாய் 50 முதல் 59 கிலோ வரை இருக்கும். அதற்கு இடப்பட்ட பணி, ஓடுபவனை மோதி வீழ்த்தி, காவலர் வந்து சேரும்வரை எழவிடாமல் அமுக்கி வைத்திருப்பது, குதறுவது அன்று. எடை எதற்குப் பயன்பட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை. தற்காப்புக்காகவே தோன்றிய இனம் என்றால் டாபர்மேனைச் சொல்ல வேண்டும்: 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் அபோல்டா நகரில் வரி வசூலித்து வந்த கார்ல் ஃபிரீட்ரிஷ் லூயி டோபர்மான், தம் பணிக்குத் துணையாக வளர்த்த நாய்களிலிருந்து உருவானது என்பது அதன் வரலாறு.

இத்தனைக்கும் நடுவே ஓர் உண்மை பலரை வியப்பில் ஆழ்த்தும். உண்மையாகவே ஆளைப் பிடிக்க வேண்டிய காவல்துறைகளும் படைகளும் இன்று பரவலாக வைத்திருக்கும் பெல்ஜியன் மலினுவா, ஆண் நாயானாலும் 25 முதல் 30 கிலோதான். ஜெர்மன் ஷெப்பர்டு 30 முதல் 40 கிலோ. ஓடவும் தாண்டவும் வெயிலில் நெடுநேரம் உழைக்கவும், தேவைப்பட்டால் மனிதனால் தூக்கிச் சுவரைக் கடத்தவும் நடுத்தர உடலே ஏற்றது. அங்கே மதிப்பு உருவத்துக்கு இல்லை, பயிற்சிக்கு. பணி நாய்களின் திறனை அளக்க இப்போது ஐஜிபி (IGP) என்ற பெயரில் நடத்தப்படும் சோதனையில் மோப்பம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளிகள். பாதுகாப்புப் பிரிவில், பயிற்சி உதவியாளர் கையில் மாட்டியிருக்கும் தடித்த பாதுகாப்பு உறையைக் கவ்வும் நாய், நடத்துநரின், அதாவது அதைக் கையாள்பவரின், ஒரு சொல்லுக்குப் பிடியை விட்டாக வேண்டும். கவ்வத் தெரிந்து விடத் தெரியாத நாய்க்கு அங்கே இடமில்லை. காவல் நாய் வேண்டும் என்று கேட்பவர்களில் விடுவதைப் பற்றிக் கேட்பவர் எவரையும் நான் அரிதாகவே சந்தித்திருக்கிறேன்.

அதற்கு நேர்மாறான ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது: குட்டியிலிருந்தே யாரிடமும் பழகவிடாமல் சங்கிலியில் கட்டி வைத்தால் நாய் உக்கிரமாக வளரும் என்பது. பிறந்து மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாவது, பதினான்காவது வாரம் வரையிலான காலத்தில்தான் குட்டி உலகத்தோடு அறிமுகமாகிறது. அப்போது குடை பிடித்தவரையும் கைத்தடி ஊன்றியவரையும் ஓடி விளையாடும் குழந்தையையும் பார்த்திராத நாய், பிற்பாடு அவர்கள் அனைவரையும் கண்டு மிரளும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த மிரட்சி உக்கிரமாகத் தோன்றும். ஆனால் மிரண்ட நாய்க்குத் தபால்காரருக்கும் திருடனுக்கும் வேறுபாடு தெரியாது, விருந்துக்கு வந்த உறவினர் வீட்டுக் குழந்தைக்கும் அதே கதிதான். குழந்தைகளைக் கடிப்பவை பெரும்பாலும் அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமான நாய்களே என்பதையும், ஐம்பது கிலோ நாயின் ஒரு கடி சிறிய நாயின் பல கடிகளைவிடக் கொடியது என்பதையும் சேர்த்து எண்ணிப்பார்க்க வேண்டும். பிரிட்டனில் 1975ஆம் ஆண்டின் காவல் நாய்கள் சட்டம், தொழிலிடங்களில் காவல் நாயை நடத்துநரின் கட்டுப்பாடின்றி அவிழ்த்துவிடுவதைத் தடைசெய்து, ஒவ்வொரு நுழைவாயிலிலும் எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்கிறது. கட்டுப்பாடில்லாத காவலைச் சட்டம்கூடக் காவலாக மதிப்பதில்லை.

பெரிய நாய்க்கான செலவில் தீனி ஒரு பகுதி மட்டுமே. பெரிய இனங்கள் முழு வளர்ச்சி பெறப் பதினெட்டு முதல் இருபத்து நான்கு மாதங்கள் ஆகும். ஆனால் ஆயுளோ சிறிய நாய்களைவிடக் குறைவு, கிரேட் டேன் பெரும்பாலும் 7 முதல் 10 ஆண்டுகளே வாழும். தொடக்கத்தில் குட்டித்தனம், முடிவில் முதுமை என்று இரண்டையும் கழித்தால், காவலுக்கு உகந்த ஆண்டுகள் எண்ணிப் பார்க்கையில் சொற்பமாகவே மிஞ்சும். இடுப்பு மூட்டுக் கோளாறும், வயிறு உப்பி முறுக்கிக்கொண்டு சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய நோயும் பெரிய, ஆழ்ந்த மார்புள்ள இனங்களை அதிகம் தாக்குகின்றன. இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டும் வாங்க நினைப்பவரிடம் நான் முதலில் கேட்பது, வீட்டிலேயே வலுக்குறைந்தவர் அந்த நாயின் வாரைப் பிடித்து நடக்க முடியுமா என்பதைத்தான். முடியாது என்றால் இனத்தின் பெயரைப் பேசுவதற்கு முன் எடை குறைந்த நாயைப் பார்க்கச் சொல்வேன்.

குட்டிக்குப் பதிலாக வளர்ந்த நாயை எடுப்பதையும் நான் பரிந்துரைப்பதுண்டு. குட்டியின் சுபாவத்தை ஊகிக்கத்தான் முடியும். வளர்ந்த நாயின் சுபாவத்தை நேரில் பார்த்துவிடலாம். அறியாதவர் வாசலுக்கு வரும்போது அது எழுந்து குரைக்க வேண்டும். வீட்டுக்காரர் வரவேற்று உள்ளே அழைத்தவுடன் அடங்கி, வந்தவரை ஒருமுறை முகர்ந்துவிட்டுத் தன் இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்கிற நாய் எந்த இனமானாலும் எடுத்துக்கொள்ளலாம். முதலாவதை மட்டும் செய்கிற நாயைப் பொறுத்தவரை, முன்பே விலைபேசி முடித்திருந்தாலும் நல்ல பயிற்சியாளர் ஒருவரிடம் காட்டாமல் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டாம்.