கண்டென்சருக்கு ஜலதோஷம்

அப்பா வாங்கிய 1989ஆம் ஆண்டு புல்லட் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. திருவொற்றியூர் ஆலையில் செய்த வண்டி. 346 சிசி, வார்ப்பிரும்பு சிலிண்டர், வலது காலில் கியர். காலையில் அதை எழுப்புவது ஒரு சடங்கு. கிக்கரை மெல்ல அழுத்தினால் மின்னோட்டம் காட்டும் அம்மீட்டரின் முள் மைனஸ் பக்கம் சாயும். பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டு அறுக்கும் குட்டி சுவிட்சான பாயிண்ட் திறந்ததும் முள் நடுவுக்கு வந்து நிற்கும். அப்போது சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கிக்கரை ஒரு துளி தாண்டவிட்டு, லீவரை விட்டுவிட்டு ஓங்கி ஒரு உதை. எஞ்சின் குளிர்ந்திருந்தால் அந்த ஒரே உதையில் கிளம்பிவிடும். அதன் குணக்கேடெல்லாம் சூடேறிய பிறகுதான்.

போன கோடையில் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும்போதெல்லாம் ஊரப்பாக்கம் வரை தேன்போல ஓடும். கூடுவாஞ்சேரி நெருங்கினால் இரண்டு முறை இருமும், அடுத்தது மௌனம். ஜி.எஸ்.டி. சாலையில் கார் நின்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. புல்லட் நின்றால் பொதுக்குழு கூடிவிடும். பிளக்கில் கரி என்பார் ஒருவர். பெட்ரோலில் தண்ணீர் என்று டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார் இன்னொருவர். "என் மச்சானிடமும் இதே வண்டி இருந்தது" என்று தொடங்கும் மூன்றாமவரின் கதை, மச்சான் வண்டியை விற்றுவிட்டார் என்பதில் முடியும். தீர்மானங்கள் நிறைவேறுவதற்குள் அரை மணி நேரம் போய்விடும், எஞ்சினும் ஆறிவிடும். பிறகு உதைத்தால் உடனே கிளம்பும். கடைசியாக வண்டியைத் தொட்டவர் யாரோ அவருக்கே புகழ். ஒருமுறை அந்தப் பெருமை, சீட்டிலிருந்த தூசியைத் துண்டால் தட்டிவிட்ட இளநீர்க்காரருக்குப் போனது.

மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனால் வண்டி குற்றமற்ற முகத்துடன் நிற்கும். பிளக்கைக் கழற்றிச் சிலிண்டர் தலையில் வைத்து உதைத்தால், நீலநிறப் பொறி, சடசடவென்று. "சார், என் கடையில் இது நல்ல பிள்ளைதான்" என்றார் பாய். ஆனாலும் பிளக் மாற்றினோம். பழுது என்னவாக இருந்தாலும் முதலில் பிளக்கை மாற்றுவது நம் நாட்டு மரபு. அடுத்து பிளக் கேப். அதற்கடுத்து, பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில். எதுவும் கூடுவாஞ்சேரியைத் தாண்டவில்லை.

கடைசியில் பாய் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, அது இருமும்வரை ஓட்டினார். இருமத் தொடங்கியதும் ஓரங்கட்டி, எஞ்சினை அணையவிடாமல் முறுக்கிக்கொண்டே பாயிண்ட் குடியிருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றச் சொன்னார். அந்தி இருட்டில் பாயிண்ட் நடுவே தீபாவளி நடந்துகொண்டிருந்தது. பிளக்கில் வரவேண்டிய பொறியெல்லாம் இங்கேயே செலவாகிக்கொண்டிருந்தது. "கண்டென்சர்" என்று ஒற்றைச் சொல்லில் தீர்ப்புச் சொன்னார் பாய்.

பாயிண்ட் திறக்கும்போது அங்கே ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் சட்டென்று நிற்காது; இடைவெளியைத் தாவப் பார்க்கும். அந்த வேகத்தைத் தான் வாங்கிக்கொண்டு பொறி பறக்காமல் தடுப்பதுதான் கண்டென்சரின் வேலை. மின்சாரம் பளிச்சென்று அறுந்தால்தான் காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட் பிறக்கும். சுண்டுவிரல் அளவு குப்பிக்குள் இரண்டு உலோகத் தாள்களும் அவற்றுக்கு நடுவே காப்புத் தாளும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அவ்வளவுதான் அதன் உடம்பு. சூட்டில் அந்தக் காப்பு நொந்துபோனால் ஆட்டம் முடிந்தது. புல்லட்டிலோ அதைச் சிலிண்டருக்குப் பின்னால், வெந்துகொண்டிருக்கும் இடத்தில் குடிவைத்திருக்கிறார்கள். பாயிண்ட், காயில், கண்டென்சர் என்ற இந்தப் பொறி ஏற்பாட்டை 1910ஐ ஒட்டி காடிலாக் காருக்காக உருவாக்கிய அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங், சென்னையின் மே மாதத்தைக் கணக்கில் எடுத்திருக்கமாட்டார்.

சென்னையில் வண்டி உதிரிபாகங்கள் விற்கும் ஜி.பி. ரோட்டையும் கணக்கில் எடுத்திருக்கமாட்டார். அங்கே ஒரு கடையில் கண்டென்சர் கேட்டேன். "கம்பெனியா, கம்பெனி மாதிரியா, சாதாரணமா?" என்றார் கடைக்காரர். கம்பெனி என்றேன். பளபளக்கும் ஹாலோகிராம் ஒட்டிய அட்டைப்பெட்டி வந்தது. உள்ளிருக்கும் சரக்கைவிட அந்த ஹாலோகிராமுக்குத்தான் கூடுதல் உழைப்பு என்று பிறகு புரிந்தது. கூடவே ஒரு பாயிண்ட் செட்டும் வாங்கினேன்.

புதிய கண்டென்சருடன் வண்டி பெருங்களத்தூரிலேயே நின்றது. பழையதாவது ஊரப்பாக்கம்வரை வந்தது. பாயிண்ட் செட்டின் கதை இன்னும் விசேஷம். பாய் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்தார். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் அவரிடம் இருக்கிறது; ஆனால் அவர் நம்புவது மடித்த விசிட்டிங் கார்டை. பத்து நாட்களில் இடைவெளி பாதியாகிவிட்டது. பாயிண்டைத் திறக்கவைக்கும் சுழல் மேடான கேமில் உரசும் ஃபைபர் குதிகால் கரும்புச் சக்கையைப்போல் தேய்ந்திருந்தது. அது தேயத் தேய இடைவெளி குறையும், பொறி தாமதமாகும், வண்டி மேம்பாலம் ஏறச் சலித்துக்கொள்ளும். 1989இல் வண்டியோடு வந்த பாயிண்டை பாய் துடைத்து வைத்திருந்தார். அதன் குதிகால் அப்படியே இருந்தது. நான் திருட்டுப் பொருளைப் பார்ப்பதுபோல் புதியதைப் பார்த்தேன்.

கண்டென்சரைத் திருப்பிக் கொடுக்கப் போனால், "மின்சாமான் ரிட்டர்ன் கிடையாது சார், ஃபிட்டிங் சரியில்லாமல் இருக்கும்" என்று பழி பாயின் தலையில் விழுந்தது. எனக்குக் கோபம். வீட்டில் மல்டிமீட்டரை எடுத்தேன். குளிர்ந்த நிலையில் 0.2 மைக்ரோஃபாரட் காட்டியது, முத்துப்போல. சூடாக்கினால்தானே தெரியும்? மனைவியின் ஹேர் டிரையரை எடுத்துக் கண்டென்சரின்மேல் காட்டினேன். எண்கள் தள்ளாட ஆரம்பித்து, சற்று நேரத்தில் பூஜ்யத்தருகே போய்ப் படுத்துக்கொண்டன. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: "அதற்கு ஜலதோஷமா?"

அதன்பிறகு பாய் தன் பழைய பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தார். அம்பாசடர் கார் ஒன்றிலிருந்து எப்போதோ கழற்றிய கண்டென்சர் கிடைத்தது. ஹேர் டிரையர் பரீட்சையில் அது அசையவே இல்லை. அதை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வைக்காமல், டேங்குக்கு அடியில் காயிலுக்குப் பக்கத்தில் பொருத்தினார். மின் இணைப்பு அதேதான், சூடு மட்டும் கிடையாது. பழைய பாயிண்டும் திரும்பக் குடியேறியது. செங்கல்பட்டுவரை நிற்காமல் போனேன். இளநீர்க்காரர் கையசைத்தார், கொஞ்சம் ஏமாற்றத்துடன்தான் என்று தோன்றியது.

டூல் பாக்ஸில் உபரியாக ஒரு கண்டென்சர் இருக்கட்டும் என்று மறுபடி ஜி.பி. ரோடு போனேன், இந்த முறை மல்டிமீட்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு. அதே கடைக்காரர், அதே ஹாலோகிராம் பெட்டி. மீட்டரை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு, கல்லாவுக்குக் கீழிருந்து எழுத்தே இல்லாத பழுப்பு நிறப் பெட்டி ஒன்றை எடுத்தார்.

"இதையே அன்றைக்குக் கொடுத்திருக்கலாமே?" என்றேன்.

"அன்றைக்கு நீங்கள் மீட்டர் கொண்டுவரவில்லையே, சார்."