கரண்ட் வைத்தால் கை வருமா?

பக்கவாதம் வந்தவர் பிசியோதெரபிக்குப் போய் உட்காரும் ஒரு வேளையில் அவர் கை எத்தனை தடவை உருப்படியாக அசைகிறது? அமெரிக்காவிலும் கனடாவிலும் பக்கத்தில் நின்று எண்ணியே பார்த்தார்கள். 2009இல் வெளியான அந்தக் கணக்கின்படி, எட்டுவது, பிடிப்பது, விடுவது போன்ற பயிற்சி நடந்த வேளைகளில் சராசரி 32 தடவை. மூளை பாதித்த விலங்குகளை வைத்து ஆய்வு செய்தபோது, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை செய்ய வைத்த பிறகுதான் மூளையில் மாற்றம் தெரிந்தது. நோயாளிக்குக் கிடைப்பதோ 32.

இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் ரோபோ வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நெவில் ஹோகன், ஹெர்மானோ கிரெப்ஸ் ஆகியோர் உருவாக்கிய மேனஸ் இதில் முன்னோடி. மேஜை முன் உட்கார்ந்து, முன்கையை ஒரு தாங்கியில் வைத்துப் பட்டை போட்டுவிடுவார்கள். திரையில் நடுவே ஒரு புள்ளி, அதைச் சுற்றி எட்டுப் புள்ளிகள். நடுவிலிருந்து வெளியே போக வேண்டும், திரும்பி வர வேண்டும். நோயாளி தானாகத் தள்ளினால் இயந்திரம் விட்டுக்கொடுக்கும்; பாதி வழியில் நின்றுவிட்டால் மீதியைத் தள்ளிக்கொடுக்கும். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் அசைவுகள்கூட ஆகிவிடும்.

இவ்வளவு செய்தும் பலன் எதிர்பார்த்தபடி இல்லை. பிரிட்டனில் 770 பேரைச் சேர்த்து நடத்திய ராட்டுல்ஸ் ஆய்வு 2019இல் வெளியானது. வாரம் மூன்று நாள், நாளுக்கு 45 நிமிடம், 12 வாரம். மூன்று மாத முடிவில் கையின் செயல்திறனில் இலக்கைத் தொட்டவர்கள் ரோபோ பிரிவில் 44 சதவீதம், அதே அளவு நேரம் சிகிச்சையாளரிடம் வேலை சார்ந்த பயிற்சி எடுத்தவர்களில் 50, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 42. புள்ளியியல்படி இவற்றுக்குள் நம்பத்தக்க வித்தியாசம் இல்லை. ரோபோ பிரிவினருக்குக் கையின் அசைவு ஓரளவு கூடியது உண்மைதான். ஆனால் கூடிய அசைவு டம்ளரைப் பிடிக்கும் வேலையாக மாறவில்லை.

ஏன் மாறவில்லை? ஒன்று, நோயாளி சும்மா இருந்தாலும் கை போய்ச் சேர்ந்துவிடும். மூளை சிக்கனம் பார்க்கும்; இன்னொருவர் தள்ளுகிறார் என்று தெரிந்தால் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். திரையில் மதிப்பெண் ஏறும், தசை தூங்கும். ஆகவே உதவியின் அளவைத் தினமும் கொஞ்சம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இரண்டு, உடம்பு ஏமாற்றும்: முழங்கை நீள்வதற்குப் பதில் முதுகு முன்னால் சாயும், தோள் காதுப்பக்கம் ஏறும். நாற்காலியில் மார்புப் பட்டை போடாவிட்டால் ஆயிரம் தடவையும் தப்பான பழக்கம்தான் பதியும். மூன்று, கையின் எடையை மேஜை தாங்குகிறது; வீட்டில் யார் தாங்குவது?

அதனால் ரோபோவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் சி.எம்.சி.யும் சேர்ந்து உருவாக்கிய புளூட்டோ போன்ற சிறிய கருவிகள் வேறு ரகம். ஒரே மோட்டார், கைப்பிடியை மாற்றி மாற்றி மாட்டி மணிக்கட்டு, முன்கைத் திருப்பம், விரல் விரிப்பு எனத் தனித்தனியாகப் பழகலாம். கூடுதல் எண்ணிக்கைக்கு இது நல்ல துணை. ஆனால் ரோபோ இருக்கும் ஊருக்குப் போக நகையை அடகு வைக்கத் தேவையில்லை. அந்தப் பணத்தில் நல்ல பிசியோ ஒருவரைக் கூடுதல் நேரம் வீட்டுக்கு வரவழைப்பது மேல்.

இனி கரண்ட். நம் ஊர் கிளினிக்குகளில் 'கரண்ட் வைக்கிறது' என்றால் எல்லாமே அடங்கிவிடும். அங்கேயே குழப்பம் தொடங்குகிறது. மெடிக்கல் கடையில் வலிக்குக் கொடுக்கும் டென்ஸ் மெஷினின் வேலை தோலுக்கடியில் உணர்ச்சி நரம்பைத் தூண்டுவது. நமக்கு வேண்டியது தசையைச் சுருக்கும் மெஷின். பக்கவாதத்தில் கெட்டது மூளையின் பகுதி. கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்பு நன்றாகவே இருக்கிறது. அதனால்தான் சிறு துடிப்பே போதும்: துடிப்பின் அகலம், அதாவது ஒரு துடிப்பு நீடிக்கும் நேரம், 250 முதல் 300 மைக்ரோசெகண்ட்; வேகம் 35 முதல் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு அத்தனை துடிப்பு. வேகம் 20க்குக் கீழே போனால் தசை நடுங்கும், இறுகாது. கூட்டிக்கொண்டே போனால் சீக்கிரம் களைத்துவிடும்.

கை விரியாமல் மடங்கிக் கிடப்பவருக்கு முதலில் எழுப்ப வேண்டியது மணிக்கட்டு. முன்கையை மேஜையில் உள்ளங்கை கீழாக வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். முழங்கையின் வெளிப்பக்க எலும்பு மேட்டிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, முன்கையின் மேற்புறத்தில் ஒரு பேட் (தோலில் ஒட்டிக் கரண்ட் பாய்ச்சும் பட்டை). இடம் பிடிபடாவிட்டால் நல்ல கையில் மணிக்கட்டைத் தூக்கச் சொல்லித் தொட்டுப் பாருங்கள். விரலுக்கடியில் திரளும் தசைதான் அது. இரண்டாவது பேட் அதே மேற்புறத்தில், முன்கையின் நடுவைக் கொஞ்சம் தாண்டி. இரண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். நெருங்கி ஒட்டினால் கரண்ட் தோலோடு ஓடி எரியுமே தவிர தசைக்குள் இறங்காது.

இப்போது மெல்ல ஏற்றிக்கொண்டே கையைப் பாருங்கள். மணிக்கட்டு கட்டைவிரல் பக்கமாகச் சாய்ந்து எழுந்தால் பேட்டைச் சுண்டுவிரல் பக்கம் அரை அங்குலம் நகர்த்துங்கள். விரல்கள் நீண்டு மணிக்கட்டு தொங்கினால் மேல் பேட்டைக் கட்டைவிரல் பக்கம் கொண்டுவாருங்கள். விரல்கள் மடங்கினால் கரண்ட் உள்பக்கத் தசைக்குக் கசிகிறது என்று அர்த்தம்; அளவைக் குறைத்து, பேட்டை ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுங்கள். நகர்த்தும்போது மெஷின் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். சரியான இடம் கிடைத்ததும் பேனாவால் தோலில் நான்கு மூலையிலும் புள்ளி வைத்துக்கொண்டால் மறுநாள் தேட வேண்டாம்.

அளவை மில்லி ஆம்பியரைப் பார்த்து வைக்கக் கூடாது, மணிக்கட்டைப் பார்த்து வைக்க வேண்டும். ஒருவருக்கு 18 போதும், இன்னொருவருக்கு 40 தேவைப்படும். கரண்ட் ஓடும் நேரத்தில்தான் ஏற்ற வேண்டும். ஓய்வு நேரத்தில் ஏற்றிவிட்டால் அடுத்த சுற்று பளீரென்று அடிக்கும். அப்புறம் அவர் மெஷினைக் கண்டாலே கையை இழுத்துக்கொள்வார்.

10 விநாடி ஓட்டம், அதில் முதல் 2 விநாடி மெல்ல ஏறுவது. பிறகு 20 விநாடி ஓய்வு. அரை மணி நேரத்தில் 60 சுருக்கம். கரண்ட் எல்லா நார்களையும் ஒரே நேரத்தில் சுருக்குவதால் தசை வழக்கத்தைவிடச் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஆகவே ஆரம்பத்திலேயே ஓய்வைக் குறைக்காதீர்கள். பதினைந்தாவது நிமிடத்திலும் மணிக்கட்டு அதே உயரம் எழுந்தால் ஓய்வை 10 விநாடி ஆக்கலாம். அப்போது 90 சுருக்கம். வாரம் ஐந்து நாள், ஆறிலிருந்து எட்டு வாரம்.

இத்தனையும் சரியாக இருந்தும் வீணாகும் இடம் ஒன்று உண்டு. கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும், நோயாளி டிவி பார்த்துக்கொண்டிருப்பார். கை எழும், ஆனால் மூளைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. கரண்ட் வருவதற்கு ஒரு நொடி முன்பே 'தூக்கப் போறேன்' என்று அவர் முயல வேண்டும், கண் கையின் மேல் இருக்க வேண்டும். தசையின் சொந்த மின்சைகை வந்தால்தான் கரண்ட் விடும் மெஷின்கள் வந்ததற்கும் இதுவே காரணம். 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வேகஸ் நரம்புத் தூண்டலும் இதே தத்துவம்தான்: நெஞ்சுத் தோலுக்கடியில் பொருத்திய கருவி, நோயாளி கையை அசைக்கும் தருணத்தில் கழுத்து நரம்புக்கு அரை விநாடி மட்டும் கரண்ட் கொடுக்கும்.

மணிக்கட்டு எழத் தொடங்கியதும் வெறும் காற்றில் தூக்குவதை நிறுத்திவிட்டுப் பொருளைக் கொடுங்கள். எவர்சில்வர் டம்ளர் வழுக்கும். உருட்டிய துண்டு, எலுமிச்சம்பழம், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா என்று வரிசையாகப் போகலாம். கரண்ட் ஓடும்போது விரல் விரிந்து பொருளை விட வேண்டும், ஓய்வில் தானே பிடிக்க வேண்டும். பலருக்குப் பிடிப்பதைவிட விடுவதுதான் கஷ்டம்.

தோள் மூட்டு குழியிலிருந்து கீழே இறங்கியிருந்தால் அது தனிக் கவனம். பேட் தோள்பட்டை எலும்பின் மேல் பள்ளத்திலும் தோளின் பின்பக்கத்திலும் வரும். கழுத்தை ஒட்டிப் போய்விட்டால் தோள் காதுப்பக்கம் தூக்கும், மூட்டு குழிக்குள் ஏறாது. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, படுக்கையிலிருந்து எழுப்பும்போது அந்தக் கையையே பிடித்து இழுத்தால் எல்லாம் போச்சு.

பேஸ்மேக்கர் இருப்பவர், கட்டுக்குள் வராத வலிப்பு உள்ளவர், அந்தக் கையில் ரத்தக்கட்டியோ புண்ணோ புற்றுக்கட்டியோ உள்ளவர், கர்ப்பிணிகள் ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. கழுத்தின் முன்பக்கம் பேட் யாருக்கும் கூடாது. உணர்ச்சி மரத்த கைக்கு எரிவது தெரியாது. அவர் சொல்ல மாட்டார், நீங்கள்தான் பேட்டை எடுத்ததும் தோலைப் பார்க்க வேண்டும். லேசான சிவப்பு ஒரு மணி நேரத்தில் மறைந்தால் பரவாயில்லை. புள்ளி புள்ளியாகச் சிவந்து நின்றால் பேட்டின் ஒட்டு காய்ந்து சில இடங்களில் மட்டும் கரண்ட் பாய்ந்திருக்கிறது. புது பேட் வாங்குங்கள். கறுப்பு ரப்பர் பேட் என்றால் ஜெல்லை ஓரம் வரை தடவி, பட்டையை ஒரே இறுக்கமாகக் கட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மெஷின் வேண்டாம். அதே நாற்காலி, அதே மேஜை, அதே நேரம். கரண்ட் இல்லாமல் ஒரு நிமிடத்தில் மணிக்கட்டு எத்தனை தடவை எழுகிறது என்று எண்ணிக் காலண்டரில் எழுதுங்கள். நான்கு ஞாயிறுகள் எண் நகரவே இல்லை என்றால் அந்தத் தாளோடு பிசியோவிடம் போய், பேட் இடத்தையும் பயிற்சியையும் மாற்றச் சொல்லுங்கள்.