57-க்கு 41

மும்பையில் ஒரு சிறிய மறுவாழ்வு மையத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருக்கிறேன். பக்கவாதம் வந்தவர்களின் கையை அளந்து பார்ப்பது தினசரி வேலை. தாராவியிலிருந்து நம் ஆட்கள் நிறைய வருவார்கள். அந்த அம்மாவும் அங்கிருந்துதான், பூர்வீகம் திருநெல்வேலி. வீட்டோடு இட்லி வியாபாரம். வலது கை விழுந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

அவருக்கு நான் செய்தது, கையால் என்னென்ன முடிகிறது என்று அளக்கும் ஆராட் (ARAT) சோதனை. 1981-இல் வந்தது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 19 செய்கைகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 57. மரக்கட்டையை எடுத்து மேல்தட்டில் வைக்க வேண்டும். கிரிக்கெட் பந்து, கோலிக்குண்டு, டம்ளரிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் என்று போகும். இதில் முதுகு நாற்காலியை விட்டு வரக்கூடாது. உடம்பை முன்னால் சாய்த்தால் முழங்கை நீளாமலேயே கட்டை மேலே போய்விடும். அதனால் என் கண் கட்டையில் இருக்காது, தோளில்தான் இருக்கும்.

முதலில் 33. இரண்டு மாதம் கழித்து 41. சுமார் 6 கூடினாலே பொருட்படுத்த வேண்டிய முன்னேற்றம் என்பார்கள். எனக்கு ஒரே சந்தோஷம்.

"வீட்டுல இந்தக் கையால என்னம்மா செய்யறீங்க?"

"இங்கதான் வருது தாயி. வீட்டுல சும்மாதான் கெடக்கு."

இதை நான் முதல் மாதமே கேட்டிருக்க வேண்டும். அதற்கென்றே மோட்டார் ஆக்டிவிட்டி லாக் என்று ஒரு கேள்வித்தாள் உண்டு. லைட் போட்டீர்களா, தலை சீவினீர்களா, எவ்வளவு அந்தக் கையால், எவ்வளவு நன்றாக என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். கையால் முடிவது வேறு, கை செய்வது வேறு. ஆரம்பத்தில் முயன்று முயன்று தோற்ற கையை மனசு மெல்ல ஒதுக்கிவிடுகிறது; பலம் திரும்பிய பிறகும் அந்த ஒதுக்கல் போவதில்லை. நான் கட்டையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் இட்லித்தட்டு, கரண்டி, ஒரு தூக்கு மாவு கொண்டுவரச் சொன்னேன். கட்டைவிரல் கரண்டிக் காம்பில் வழுக்கியது. மணிக்கட்டைத் திருப்பும்போது முழங்கை வெளியே தூக்கிக்கொண்டது. 12 குழியில் இரண்டில் சிந்தியது. சிந்திய மாவை அதே கையின் சுண்டுவிரலால் வழித்துக் குழிக்குள் தள்ளினார். நான் சொல்லவே இல்லை. எந்தச் சோதனையிலும் அது கிடையாது.

கூட வந்த மருமகளிடம், "இனிமே மாவு ஊத்துறத அத்தைகிட்ட விட்டுடும்மா" என்றேன்.

"மெதுவா ஆகுமேக்கா. விடியறதுக்கு முன்னாடி சைக்கிள் கெளம்பணும்."

அதுவும் நியாயம்தான். அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தோம்: வியாபார மாவு மருமகள் பாடு, வீட்டுச் சாப்பாட்டுக்கான தட்டு மட்டும் அத்தை கையால். அன்றைய தாளில் 41-க்குக் கீழே, "கரண்டி: 12 குழி, 2 சிந்தியது" என்று எழுதி வைத்தேன்.