என் இடது காதும் குழல்முனை இரும்பும்

இராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவனாக, 22 ஆண்டுகள் இருந்தேன். ஆயுத அறையை நாங்கள் கோத் என்போம். அங்கே முதன்முறை வரும் பையன்கள் ரைஃபிளின் முனையில் திருகியிருக்கும் இரும்பைத் தடவிப் பார்த்துக் கேட்பார்கள்: "உஸ்தாத், இதுதான் சைலன்சரா?"

சத்தத்தை அடக்குவதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. தோட்டா வெளியேறியவுடன் அதன் பின்னால் கொதிக்கும் வாயு பீறிடுகிறது. அந்த வாயுவை எந்தப் பக்கம் அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் முனைக் கருவியின் பெயரும் வேலையும் மாறும்.

பழைய எஸ்.எல்.ஆர். ரைஃபிளிலும் பிறகு வந்த இன்சாஸ் ரைஃபிளிலும் இருந்தது ஃபிளாஷ் ஹைடர், அதாவது நெருப்பு மறைப்பான். முழுதும் எரியாத வாயு வெளிக்காற்றோடு கலந்து மறுபடி பற்றிக்கொள்வதால்தான் முனையில் பெரிய நெருப்புப் பூ விரிகிறது. ஹைடரின் நீண்ட பிளவுகள் வாயுவைச் சிதறடித்து அந்தப் பற்றலைக் குறைக்கின்றன. எதிரியின் கண்ணிலிருந்து நம்மை மறைக்கத்தான் இது என்று நானும் பல காலம் நம்பியிருந்தேன். ஓரளவு உண்மைதான். ஆனால் அது முதலில் காப்பாற்றுவது சுடுபவனின் கண்ணை. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் பிடிக்கும். ஒரே ஒரு மின்னல் போதும், அத்தனையும் போய்விடும். ஓர் இரவுப் பயிற்சியில் மூன்று தோட்டாக்கள் சுட்டுவிட்டு, நான்காவதற்குக் குறிப்பலகையே தெரியாமல் தவித்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

ஏ.கே.எம். ரைஃபிளின் முனையைப் பார்த்தால் மூங்கிலைச் சாய்வாகச் சீவியது போல இருக்கும். அது காம்பென்சேட்டர். நீண்டிருக்கும் கீழுதட்டில் வாயு மோதி, மேலே எம்பும் குழலைக் கீழே அழுத்துகிறது. இவ்வளவு எளிய வெட்டு இவ்வளவு வேலை செய்வதை நினைத்து இன்றும் வியக்கிறேன்.

மசில் பிரேக் வேறு ஜாதி. 12.7 மி.மீ. தோட்டா சுடும் கனத்த ரைஃபிளை அது இல்லாமல் சுட்டால் தோள் தாங்காது. வாயு அதன் தடுப்புச் சுவர்களில் மோதிப் பக்கவாட்டிலும் சற்றுப் பின்னாலும் திரும்புவதால் துப்பாக்கி முன்னோக்கி இழுபடுகிறது, உதை பாதியாகக்கூடக் குறையும். ஆனால் சுடுபவனின் தோளிலிருந்து எடுத்ததை அது பக்கத்தில் படுத்திருப்பவனின் காதில் இறக்கிவிடுகிறது. ஒருமுறை ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சித் திடலுக்கு, காதடைப்பான்கள் எண்ணிக்கையில் குறைவாக வந்தன. என்னுடையதை ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு, இடது காதை விரலால் அடைத்துக்கொண்டு, சுடுபவனுக்கு வலப்பக்கம் படுத்தேன். இரண்டாவது தோட்டா வெடித்தபோது ரைஃபிளில் இருந்த ஒரு கோளாறைப் பார்க்க நான் கையை எடுத்திருந்தேன். மணலும் புழுதியும் முகத்தில் அறைந்தன. அதற்குப் பிறகு சிறிது நேரம் உலகமே ஊமையாகிவிட்டது.

உண்மையான சைலன்சரைப் பற்றியும் பையன்களுக்குத் தவறான எண்ணம்தான். 1909-இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றவர் ஹைரம் பெர்சி மாக்சிம். மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவரின் மகன். மோட்டார் சைக்கிளின் சைலன்சரும் இதுவும் ஒரே தத்துவம்: வாயுவை அடுத்தடுத்த அறைகளில் விரியவிட்டு, ஆறவைத்து, மெதுவாக வெளியே அனுப்புவது. 160 டெசிபல் வெடிப்பு ஏறக்குறைய 130-க்கு இறங்கும். 130 என்பதும் காதைப் பிளக்கும் சத்தம்தான். ஒலியைவிட வேகமாகப் போகும் தோட்டா காற்றைக் கிழிக்கும் 'பட்' ஓசையை எந்தக் கருவியாலும் அடக்க முடியாது. ஆகவே 'சைலன்சர்' என்ற பெயரே எனக்குப் பிடிக்காது. 'சப்ரெசர்', அதாவது அடக்குவது, என்பதுதான் நேர்மையான பெயர்.

அந்த நாளுக்குப் பிறகு, காதடைப்பான்களை எண்ணி முடிக்காமல் ஒரு ரைஃபிளையும் நான் கோத்திலிருந்து வெளியே அனுப்பவில்லை. தாமதமாகிறது என்று மேலிருந்து திட்டு விழும், வாங்கிக்கொள்வேன். இடது காதில் சில்வண்டு ஒன்று இரவும் பகலும் கத்திக்கொண்டே இருக்கிறது. ஊருக்குத் திரும்பிய பிறகு பேத்தி இரகசியம் சொல்ல வந்தால் என் வலப்பக்கம் வந்துதான் உட்காருவாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.