ஈரம் பிடித்த வீடும் என் ஆசையும்

கணவருக்கு ஜப்பானின் ஒசாகாவுக்கு மாற்றல் வரலாம் என்று தெரிந்ததிலிருந்து எனக்குக் கியோத்தோ பைத்தியம். ரயிலில் அரை மணி நேரம்தான். அவர் போய்வரட்டும், குடியிருப்பது ஒரு மச்சியாவில் இருக்கட்டும் என்பது என் கணக்கு. ஜனவரியில் வீடு பார்க்கப் போனோம்.

1950க்கு முன் கட்டிய மர வீடுகளைத்தான் மச்சியா என்கிறார்கள். முன்னால் கடை, பின்னால் குடித்தனம். வாசல் குறுகல், உள்ளே போகப் போக நீண்டுகொண்டே போகிறது. ஒரு பக்கமாக, தெருவிலிருந்து கொல்லை வரை மண் தரை போட்ட நடை. சமையல் அங்கேதான், புகை போக அடுப்புக்கு மேலே கூரை வரை திறந்துவிட்டிருக்கிறார்கள். நடுவில் கையகலத் தோட்டம். கோடைக்கு இதைவிடத் தோதான வீடு இல்லை. ஜனவரியில் என்றால், இரண்டு காலுறை போட்டும் குளிர் உள்ளங்காலில் ஏறுகிறது. தரகர் மண் சுவரின் அழகைச் சொல்லிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் கேட்டது ஒன்றே ஒன்று: “குளியலறை எங்கே?” தோட்டத்தைத் தாண்டி, கடைசியில்.

கியோத்தோவில் நெசவாளர்கள் வாழும் நிஷிஜின் பகுதிக்குப் போன பிறகுதான் மச்சியாவின் மண் தரை ஈரத்துக்கும் ஒரு நியாயம் இருப்பது எனக்குப் புரிந்தது. பழைய நெசவு வீடுகளில் தறி பின்கட்டில், நம் காஞ்சிபுரத்துக் குழித்தறி போலத் தரைக்குள் இறங்கியிருக்கும். மண்ணின் ஈரம் பட்டிழையை அறாமல் காக்கிறது. 1872இல் மூன்று பேரைப் பிரான்சின் லியோனுக்கு அனுப்பி துணியில் பூவேலை நெய்ய உதவும் ஜக்கார்டு பொறியைக் கற்றுவரச் செய்தார்கள். அது தறியின் தலைக்கு மேல் உட்காரும் பொறி. உயரக் கூரை அதற்கும் வசதியாகிப்போனது.

உடைந்த கிண்ணத்தை ஒட்டும் கின்ட்சுகி வகுப்பிலும் இதே கதைதான். அரக்கு மரப்பாலில் கோதுமை மாவைப் பிசைந்து, விளிம்பில் மெல்லிய கோடாகத் தடவி, சில்லுகளை அழுத்திப் பொருத்தச் சொன்னார் ஆசிரியை. தோலில் பட்டால் தடித்து அரிக்கும் என்பதால் எல்லோருக்கும் கையுறை. ஒட்டிய கிண்ணம் வெயிலுக்குப் போகவில்லை. ஈரத்துணி விரித்த மரப்பெட்டிக்குள் போனது. காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இந்த அரக்கு இறுகுமாம். எல்லோரும் படம் எடுக்கும் தங்கப்பொடி கடைசியில் தூவுவதுதான். பிடித்து நிற்பது அரக்கு.

காபிக்கடையாக மாறிய மச்சியாக்கள் கண்ணுக்கு அழகுதான், ஆனால் எனக்கு அவற்றின் மேல் மனம் ஒட்டவில்லை.

வாங்குவது பேச்சுக்கே இல்லை. வெளிநாட்டவர் ஜப்பானில் வீடு வாங்கத் தடையில்லை. ஆனால் வாங்கியதால் வசிக்கும் உரிமை வந்துவிடாது. நிலநடுக்க விதிகள் 1981இல்தான் கடுமையாயின, மச்சியா அதற்கு முந்தையது என்பதால் பலப்படுத்தும் செலவு வேறு. ஆகவே வாடகைதான், வீட்டு உரிமையாளருக்குக் கொடுக்கும், திரும்பி வராத ‘ரெய்கின்’ பணத்தை முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும். குளியலறையை உள்ளே கொண்டுவந்த மச்சியா ஒன்றைத் தேடச் சொல்லியிருக்கிறோம். கிடைத்தாலும், ஜூன் மழையில் அதை ஒருமுறை பார்த்த பிறகுதான் கையெழுத்து என்று கணவர் சொல்லிவிட்டார்.