செங்கல் நிறமும் வெளுக்காத நீலமும்

நவம்பர் 3
காலையிலிருந்து விடாத மழை. ஒளி பட்டால் சாயத்தைச் சிதைக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு பொடியில் இரும்பு சேர்த்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்யவைக்கப் பார்க்கிறேன். அதற்கு மூலமான டைட்டானியம் ஐசோப்ரொபாக்சைடு பாட்டிலைத் திறக்க சென்னையில் இதைவிட மோசமான நாள் கிடையாது. ஈரக்காற்று பட்ட உடனே பிப்பெட் நுனியில் வெள்ளையாகத் திப்பி கட்டிவிட்டது. முதல் கரைசல் திரிந்த பால் மாதிரி ஆகி, தொட்டிக்குப் போனது. "அசிட்டிக் ஆசிட்டை முதல்ல ஊத்துடி" என்றார் சீனியர் அக்கா. அது டைட்டானியத்தைப் பிடித்துக்கொண்டு நீராற்பகுப்பை (தண்ணீர் பட்டு உடைவதை) மெதுவாக்குமாம். இரண்டாவது தடவை எத்தனாலில் கண்ணாடிபோலத் தெளிந்து வந்தது. இரும்பு நைட்ரேட்டை 0.5, 1, 5 சதவீதம் என மூன்று பீக்கரில் சேர்த்தேன்.

நவம்பர் 6
ஃபர்னஸில் 500 டிகிரி முடிந்து பொடிகள் ஆறிவிட்டன. இரும்பு சேர்க்காதது சுண்ணாம்பு வெள்ளை, 0.5 கடலை மாவு, 5 சதவீதம் அசல் செங்கல் பொடி.

டைட்டானியம் டை ஆக்சைடின் ஒரு படிக வடிவம் அனடேஸ். அதில் எலெக்ட்ரான் மேல்மட்டத்துக்குத் தாவக் கடக்கவேண்டிய ஆற்றல் இடைவெளி 3.2 எலெக்ட்ரான் வோல்ட். அதைத் தாண்ட 387 நானோமீட்டருக்குக் குறைந்த ஒளி வேண்டும், அதாவது புற ஊதா. வெயிலில் அது 5 சதவீதம் இருந்தால் அதிகம். இரும்பு அயனி அளவில் டைட்டானியத்துக்குக் கிட்டத்தட்ட சமம் என்பதால் படிகத்தில் அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அதன் 3d எலெக்ட்ரான் மட்டங்கள் இடைவெளிக்கு நடுவே படிக்கட்டு மாதிரி விழ, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் உறிஞ்சப்படுகிறது. செங்கல் நிறம் அதனால்தான். நிறத்தைப் பார்த்தே பேப்பர் எழுதிவிடலாம் என்று குதித்தேன்.

நவம்பர் 7
எக்ஸ்ஆர்டி, அதாவது படிக வடிவைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை. 25.3 டிகிரியில் அனடேஸ். 5 சதவீதத்தில் மட்டும் 27.4இல் இன்னொரு படிக வடிவமான ரூட்டைல் லேசாக எட்டிப் பார்க்கிறது.

நவம்பர் 10
மெத்திலீன் ப்ளூ சோதனை: அந்த நீலச் சாயத்தைப் பொடி எவ்வளவு வெளுக்கிறது என்று பார்ப்பது. செங்கல் பொடி தோற்றது. புற ஊதா விளக்கில் வெறும் வெள்ளைப் பொடி அளவுக்குக்கூட அது நீலத்தை வெளுக்கவில்லை. 0.5தான் முந்தியது.

நடுவில் போட்ட படிக்கட்டே குழியாகிவிட்டது. கொஞ்சம் இரும்பு இருந்தால் ஒளி கிளப்பிய எலெக்ட்ரானையோ அது விட்டுப்போன காலியிடமான துளையையோ சற்று நேரம் பிடித்துவைத்து, இரண்டும் உடனே சேராமல் காப்பாற்றும். அதிகமானால் குழிகள் நெருங்கி, இரண்டும் அங்கேயே சந்தித்து முடிந்துவிடும். ஒளி வெப்பமாகிப் போகும், சாயம் அப்படியே இருக்கும்.

1994இல் ஹாஃப்மன் என்ற ஆய்வாளரின் குழு 21 உலோக அயனிகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறது. இரும்பு, வனேடியம், ருத்தேனியம் எல்லாம் 0.1 முதல் 0.5 சதவீதத்தில் செயலைக் கூட்டின, கோபால்ட் குறைத்தது. இதை முதலிலேயே ஒழுங்காகப் படித்திருந்தால் 5 சதவீதத்தைச் செய்தே இருக்கமாட்டேன்.

நவம்பர் 11
420 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியை வெட்டும் ஃபில்டரோடு இன்று ஓட்டினேன். கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சவே முடியாத வெள்ளைப் பொடியும் நீலத்தை வெளுத்தது! அரைமணி நேரம் இருட்டில் கலக்கிவிட்டுத்தான் தொடங்கினேன், சாயம் பொடியில் ஒட்டிக்கொண்டதால் நிறம் குறைந்த கணக்கு இல்லை. மெத்திலீன் ப்ளூவே 664 நானோமீட்டரில் ஒளியைக் குடித்து, டைட்டானியம் டை ஆக்சைடுக்குள் எலெக்ட்ரானைத் தள்ளுகிறது. சாயம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் கதை. இதை வைத்து 'கண்ணுறு ஒளியில் வேலை செய்கிறது' என்று எழுதுவது, என்னைக் கேட்டால், ஏமாற்று வேலை.

கைடிடம் சொன்னேன். "சரிம்மா, நிறமில்லாத ஒண்ணை எடு" என்றார். 4-குளோரோஃபீனால். அது எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளக்க ஹெச்பிஎல்சி கருவி வேண்டும், வரிசையில் எனக்கு முன்னால் ஏழு பேர்.

நவம்பர் 13
செங்கல் பொடியை டப்பாவில் மூடி 'தொடாதே' என்று எழுதிவைத்தேன். 0.1, 0.25 இரண்டும் புதிதாகக் கலக்கவேண்டும். வெளியே இன்னும் தூறல். பாட்டிலை நாளைக்குத் திறந்துகொள்ளலாம்.